வனவிலங்குக் காப்பகத்தில் கீப்பர் இன்டர்ன்ஷிப்: போவதற்கு முன் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஆந்தைக்கண்:
விலங்கியல் படித்தவன். அடுத்த மாதம் ஒரு காப்பகத்தில் மூன்று மாத கீப்பர் இன்டர்னாக (விலங்குகளைப் பராமரிக்கும் பயிற்சியாளராக) சேர்கிறேன். புலி, சிங்கம், லெமூர் (குரங்குக்கு உறவான விலங்கு), மக்காவ் கிளி, மலைப்பாம்பு, இகுவானா (பெரிய பல்லியினம்) இருக்கின்றன. பெரும்பாலும் தனியாரிடமிருந்தும் சர்க்கஸ்களிலிருந்தும் மீட்டவை என்கிறார்கள். பாடம் தெரியும், கைவேலை தெரியாது. முதல் சில வாரங்களில் என்ன வேலை கொடுப்பார்கள்? புதிதாக வருபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

இரட்டைத்தாழ்:
கழுவுவது, அள்ளுவது, காய் நறுக்குவது, எழுதி வைப்பது. இவ்வளவுதான் முதலில் வரும். முதல் வாரத்திலேயே புலிக்கூண்டின் சாவியைக் கையில் கொடுத்தால் பெருமைப்படாதீர்கள், அந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள்.

சாவி வராவிட்டாலும் பூட்டு முறை மனப்பாடமாக இருக்க வேண்டும். பெரும்பூனைகளின் (புலி, சிங்கம் போன்றவை) இருப்பிடத்தில் குறைந்தது இரண்டு பகுதி இருக்கும்: வெளித்திடல், உள்ளறை. நடுவே ஒரு ஷிப்ட் கதவு. அதை வெளியே நின்றபடி கம்பியையோ கைப்பிடியையோ இழுத்து இயக்குவார்கள். ஆளும் விலங்கும் ஒரே பகுதியில் ஒருபோதும் இருக்கக் கூடாது.

திடலைச் சுத்தம் செய்யும்போது வரிசை இது. உள்ளறையில் உணவை வைத்துக் கூப்பிடுங்கள். வந்தவற்றை எண்ணுங்கள். மூன்று புலி என்றால் மூன்றையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். "அது எப்போதும் அந்த மூலையில்தான் படுத்திருக்கும்" என்பது கணக்கில் சேராது. ஷிப்ட் கதவை இறக்கி, அடிவரை இறங்கியதா என்று பாருங்கள். எலும்புத் துண்டோ வைக்கோலோ கீழே சிக்கினால் இடைவெளி விட்டு நின்றுவிடும், அதில் புலி நகத்தைக் கொடுத்துத் தூக்கிவிடும். பிறகு கதவைப் பிடித்து நிறுத்தும் தாழ் ஊசியைச் செருகி, பூட்டைப் போடுங்கள். பூட்டை இழுத்துப் பாருங்கள், இரண்டாவது ஆளையும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகே ஆள்வாசல், அதாவது நாம் நுழையும் வாசல். அதிலும் இரட்டைக் கதவு. முதலாவதைச் சாத்திய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். வெளியே வரும்போது கொண்டுபோன கருவிகளை எண்ணி எடுத்துக்கொண்டு, ஆள்வாசலைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஷிப்ட் கதவைத் தொட வேண்டும்.

இழுத்துப் பார்க்கச் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல. பூட்டின் வளைவு கொண்டியில் நுழையாமலே மூடிக்கொள்ளும். பார்வைக்குப் பூட்டியது போலவே தொங்கும், இழுத்தால்தான் தெரியும்.

நடுவில் வாக்கி டாக்கியில் கூப்பிட்டால், யாராவது பேச்சுக் கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். எண்ணுவதிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். அனுபவசாலிகள் சறுக்குவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கம்பிவலையில் விரல் வைப்பது, அதன் அருகே முதுகு காட்டிக் குனிவது, இரண்டும் கூடாது. வளர்ப்புப் புலி செல்லமாக முகத்தைத் தேய்த்தாலும் விதி அதேதான்.

துடைப்பக்கட்டை:
பூட்டைப் பத்தி மேல சொல்லிட்டாங்க. நான் கழுவுறதைப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா நாளோட பெரும்பகுதி அதுலதான் போகும்.

கிருமிநாசினி அழுக்கு மேல வேலை செய்யாது. முதல்ல எச்சத்தை அள்ளணும், சோப்புத் தண்ணி போட்டுத் தேய்க்கணும், நல்லா அலசணும், அப்புறம்தான் பிளீச். 5 சதவீத பிளீச்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு சுமார் 30 மில்லி. 10 நிமிஷம் தரை ஈரமாவே இருக்கணும். அப்புறம் அலசிக் காய விட்டுத்தான் விலங்கை விடணும். ஊத்தின உடனே அலசினா வாசனைதான் மிச்சம், கிருமி அப்படியே இருக்கும். கலந்த தண்ணியை நாளைக்குன்னு வைக்காதீங்க, வீரியம் போயிடும்.

பூனையினம் இருக்கிற அறையில ரொம்பக் கவனம். சிறுநீர்ல அம்மோனியா இருக்கு. அதை அலசாம பிளீச் ஊத்தினா குளோரமின்ங்கிற நச்சு வாயு வரும். உள்ளறையில காத்தோட்டம் கம்மி. கண்ணு எரிஞ்சு இருமல் வந்தா எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய வந்துடுங்க. ஃபீனால் வகைக் கிருமிநாசினியையும் பூனையினத்துக்கிட்ட கொண்டு போகாதீங்க. அதுங்க கல்லீரலால அதைச் சரியா வெளியேத்த முடியாது, பாதத்தை நக்கினாலே உடம்புக்குள்ள போயிடும்.

கிளிக்கூண்டுல காஞ்ச எச்சத்தை அப்படியே பெருக்கினா தூசு பறக்கும். சிட்டகோசிஸ்ங்கிற கிளிக் காய்ச்சல் மனுஷனுக்குத் தொத்துறது அந்தத் தூசு வழியா. தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு, முகக்கவசம் போட்டுப் பெருக்குங்க.

எந்தக் கூண்டு முதல்ல, எது கடைசியில? குட்டிங்க, ஆரோக்கியமானதுங்க முதல்ல. நோயாளி அதுக்கப்புறம். புதுசா வந்து தனிமைப்படுத்தி வச்சிருக்கிறது எல்லாத்துக்கும் கடைசி. திரும்பிப் போகக்கூடாது. அந்தப் பகுதிக்குன்னு தனித் துடைப்பம், தனி வாளி இருக்கும், மாத்தி எடுக்காதீங்க.

கால்கிலோதராசு:
சமையலறையில் இரண்டு பெரிய தவறுகள் நடக்கும். ஒன்று, உறைந்த இறைச்சியை மேஜையில் வைத்து உருகவிடுவது. வெளிப்புறம் கெட்டுப்போகும்போது நடுவில் இன்னும் கல்லாகவே இருக்கும். முந்தைய நாளே குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரிப் பகுதிக்கு மாற்றுங்கள், கீழே தட்டு வையுங்கள்.

மற்றொன்று, எலும்பில்லாத இறைச்சியை மட்டும் போடுவது. தசை இறைச்சியில் கால்சியம் ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் 15 பங்குக்கும் மேல் இருக்கும். தேவையோ ஏறக்குறைய சமம், கால்சியம் சற்றுத் தூக்கலாக. இப்படியே வளர்ந்த குட்டிக்கு எலும்பு வளையும், குதித்தாலே முறியும். மீட்டு வரும் சிங்கங்களில் வளைந்த கால்களைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆகவே உணவு அட்டவணைத் தாளில் கால்சியம் பொடி இத்தனை கிராம் என்றிருந்தால் நிறுத்தே போடுங்கள். கைப்பிடி அளவு வேண்டாம்.

லெமூருக்குப் பழம் அதிகம் கொடுக்கத் தோன்றும், அதுவும் ஆசையாகக் கேட்கும். நாம் விளைவிக்கும் பழங்களில் சர்க்கரை கூடுதல், நார் குறைவு. உடல் பருக்கும், பல் கெடும். இலையும் கீரையும் பெல்லட்டும் (உருண்டையாக வரும் தயார் தீவனம்)தான் அடிப்படை. எலுமிச்சை, ஆரஞ்சு வகை வேண்டாம், வைட்டமின் சி இரும்பை உடலில் அதிகம் சேர்த்துவிடும். அவற்றின் கல்லீரலில் இரும்பு தேங்கும் நோய் உண்டு. மக்காவுக்கு அவகாடோ ஒரு துண்டுகூடக் கூடாது, விஷம்.

மலைப்பாம்புக்கு உருகவைத்து வெதுவெதுப்பாக்கிய எலியை நீண்ட இடுக்கியால் நீட்டுங்கள். எலி வாசனை ஒட்டிய கையை நீட்டினால் கைதான் இரை. தின்ற பிறகு 48 மணி நேரம் தூக்காதீர்கள், கக்கிவிடும். இகுவானாவின் யூவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது என்று நிம்மதியடைய வேண்டாம். வெளிச்சம் அப்படியே இருக்க, யூவிபி மட்டும் 6 முதல் 12 மாதத்தில் தேய்ந்துவிடும். மாற்றிய தேதியை விளக்கின் மேலேயே எழுதுங்கள். இடையில் கண்ணாடி இருந்தாலும் பயனில்லை.

மிச்சத்தையும் நிறுத்து எழுதுங்கள். "கொஞ்சம் சாப்பிட்டது" என்று எழுதினால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. "4 கிலோவில் 1.2 கிலோ மிச்சம், கழிச்சல் இளகல்" என்றால் புரியும்.

ஆந்தைக்கண்:
மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். தடுப்பூசி ஏதும் போட வேண்டுமா? அப்புறம், அவர்கள் அனுப்பிய கடிதத்தில் "புலிக்குட்டிகளுக்குப் பால் புகட்டலாம், பார்வையாளர்களோடு படமெடுக்க உதவலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. இது வழக்கமா?

இரட்டைத்தாழ்:
இரண்டாவதற்கு முதலில் பதில்: வழக்கமில்லை. மீட்பு மையம் என்றால் குட்டிகள் தொடர்ந்து எங்கிருந்து வருகின்றன? 2007-இல் தொடங்கிய உலகளாவிய விலங்குக் காப்பகக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற வேண்டுமானால் வணிகத்துக்காக இனப்பெருக்கம் செய்யக் கூடாது, விலங்குகளை விற்கக் கூடாது, பொதுமக்களைத் தொடவிடவும் கூடாது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் வந்த பெரும்பூனைச் சட்டம் குட்டிகளைப் பொதுமக்கள் தொடுவதையே தடை செய்துவிட்டது. அவர்களிடம் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: குட்டிகள் எங்கே பிறந்தன, வளர்ந்த பிறகு எங்கே போகின்றன, விலங்கு தப்பினால் பின்பற்றும் நடைமுறைத் தாளைக் காட்ட முடியுமா. மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். மூன்று மாத உழைப்பைக் குட்டி வியாபாரத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

துடைப்பக்கட்டை:
ஊசி: டெட்டனஸ் 10 வருஷத்துக்குள்ள போட்டிருக்கணும். வெறிநாய்க்கடி முன்தடுப்பு, உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி ரெண்டு ஊசி, முதல் நாள் ஒண்ணு, ஏழு நாள் கழிச்சு ஒண்ணு. கடி பட்டா அதுக்கப்புறமும் ஊசி உண்டு, அதை மறக்காதீங்க. லெமூர் பகுதிக்கு காசநோய்ப் பரிசோதனை கேப்பாங்க. சளி, காய்ச்சல்னா மறைக்காம சொல்லிடுங்க, நம்மகிட்டயிருந்து அதுங்களுக்குப் போகும். 2020 ஏப்ரல்ல நியூயார்க் பிராங்க்ஸ் பூங்காவுல புலிக்கே கொரோனா உறுதியாச்சு. எந்தக் கடி, கீறலா இருந்தாலும் சோப்பும் ஓடுற தண்ணியும் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு உடனே மேற்பார்வையாளர்கிட்ட சொல்லுங்க.

சாமான்: இரும்பு முனை வச்ச ரப்பர் பூட்ஸ், தலையில மாட்டுற விளக்கு, பாக்கெட்ல நனையாத குறிப்பேடு. அடையாள அட்டையைக் கழுத்துல தொங்கவிடாதீங்க, லெமூரும் கிளியும் வலை வழியா பிடிச்சு இழுக்கும். இடுப்புல மாட்டுற கிளிப் வாங்கிக்குங்க.