தொலைதூரத் தீவில் ஒரு மாதம்: செலவை எங்கே குறைப்பது?

கடலோடி:

பெருநிலத்திலிருந்து வெகுதொலைவில், வெப்பமண்டலக் கடலில் உள்ள ஒரு சிறு தீவில் ஏறத்தாழ ஒரு மாதம் தங்க விரும்புகிறேன். சொகுசு விடுதிகளின் கட்டணம் எனக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே மக்கள் வாழும் தீவுகளில் குடும்பங்கள் நடத்தும் விருந்தினர் இல்லங்களையே பார்த்துவருகிறேன். மாலத்தீவின் தென்கோடி, குக் தீவுகளின் ஐட்டுடாகி, பிரெஞ்சுப் பொலினீசியாவின் டுவாமோட்டு ஆகிய மூன்றும் பட்டியலில் உள்ளன. கூட்டம் இல்லாத மழைப்பருவத்தில் செல்வது, அறையை முன்பதிவு செய்யாமல் நேரில் பேசி முடிப்பது, உணவுப் பொருட்களைக் கொண்டுபோய் நானே சமைப்பது, மீனையும் நானே பிடித்துக்கொள்வது என்று செலவைக் குறைக்க நான்கு வழிகளை எண்ணியிருக்கிறேன். இவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

நெய்தல்:

நான்கையுமே நான் மறுக்கிறேன். தங்கள் கணக்கில் வாடகையும் சாப்பாடும் மட்டுமே செலவாக வந்திருக்கின்றன. தொலைதூரத் தீவுப் பயணத்தில் பணத்தைக் கரைப்பது போக்குவரத்துதான்.

முதலில் முன்பதிவை எடுத்துக்கொள்வோம். குக் தீவுகளுக்குள் நுழைபவர் தங்குமிடத்தை முன்கூட்டியே உறுதிசெய்திருக்க வேண்டும். கடற்கரையில் கூடாரம் போட்டுச் சமாளிக்கலாம் என்ற எண்ணத்துக்கும் அங்கே இடமில்லை. விதி இல்லாத தீவிலும் நிலைமை பெரிதாக மாறாது. வீடுகள் சிலவே இருக்கும் ஊரில், அடுத்த படகு வரும்வரை வேறெங்கும் போக முடியாத ஒருவர் வாசலில் நின்று பேரம் பேசினால், விட்டுக்கொடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர் அல்லர்.

மழைப்பருவத்தைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்வேன். தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். அப்போது விமானக் கட்டணமும் வாடகையும் குறைவதற்குக் காரணம் இருக்கிறது. சிறு விமானம் இரண்டு நாள் வராமல் போனால், தனித்தனியாக வாங்கிய பயணச்சீட்டுகளில் அடுத்ததும் அதற்கடுத்ததும் வீணாகிவிடும். அந்த ஒரு இழப்பில் மாதம் முழுதும் மிச்சம் பிடித்தது போய்விடும். உணவு மூட்டையைப் பற்றியும் யோசியுங்கள். உள்நாட்டு விமானங்களில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. விதை, தேன், பழம், இறைச்சி ஆகியவற்றைத் தீவு நாடுகளின் உயிரியல் பாதுகாப்பு அலுவலர்கள் எளிதில் உள்ளே விடமாட்டார்கள்.

கடலோடி:

முன்பதிவு பற்றித் தாங்கள் சொன்னதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. ஆனால் பருவத்தைப் பொறுத்தவரை எல்லாத் தீவுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது பொருந்தாது. புவியின் சுழற்சியால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்புவிசை நிலநடுக்கோட்டின் அருகே மிகக் குறைவு என்பதால், ஏறத்தாழ 5 பாகைக்குள் புயல் உருவாவது மிக அரிது. மாலத்தீவின் தென்கோடியில் உள்ள ஃபுவாமுலா, அட்டு இரண்டும் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே இருக்கின்றன. அங்கே மழைப்பருவம் என்றால் மழை, காற்று, கொந்தளிப்பான கடல் என்பதுதான் பொருள். மேலும், அதே நாட்டின் பா பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள ஹனிஃபாரு வளைகுடாவுக்கு மான்டா திருக்கைகள் திரளாக வருவது தென்மேற்குப் பருவக்காற்று மிதவை உயிரிகளை அங்கே கொண்டுவந்து சேர்க்கும் மாதங்களில்தான். யுனெஸ்கோ 2011இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி அது. கட்டணம் குறையும் காலத்திலேயே கடலின் மிகச் சிறந்த காட்சியும் கிடைக்கும்போது அதை ஏன் தவிர்க்க வேண்டும்?

போக்குவரத்தே பெரிய செலவு என்பதை முழுமனத்துடன் ஏற்கிறேன். அதனால்தான் ஒரே தீவில் ஒரு மாதம் என்கிறேன். பயணச் செலவு ஒருமுறைதான். நாட்கள் கூடக்கூட ஒரு நாளுக்கான பங்கு குறைந்துகொண்டே வரும்.

நெய்தல்:

அந்தக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது. பிரேசிலின் ஃபெர்னாண்டோ டி நொரோன்யா தீவுகளில் சூழல் பாதுகாப்பு வரி, தங்கும் நாட்கள் கூடக்கூட ஏறும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நீண்ட நாள் தங்குவதைத் தடுப்பதே அதன் நோக்கம். ஈக்வடாரின் கலாபகோஸ் தீவுகளில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டில் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்ந்தது. அது ஒருமுறைக் கட்டணம் என்பதால் அங்கே தங்கள் வாதம் பொருந்தும். தாங்கள் விரும்பும் மாலத்தீவில் 50 அறைக்கு மேற்படாத விருந்தினர் இல்லங்களுக்குப் பசுமை வரி 2025 ஜனவரி முதல் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 6 டாலர். முப்பது நாளுக்கு 180 டாலர். அதன்மேல் 2025 ஜூலை முதல் சுற்றுலாச் சேவை வரி 17 சதவீதம். முன்பதிவு இணையதளத்தில் முதலில் தெரியும் தொகையில் இவை அடங்கியிருக்கின்றனவா என்று பார்க்காமல் இரண்டு இல்லங்களை ஒப்பிடுவது பயனற்றது.

முத்தரசி:

வரியைப் பற்றிய வாதம் நடக்கட்டும். மீன் பிடித்து உண்பதாகக் கடலோடி எழுதியதை ஒருவரும் எடுத்துப் பேசாதது எனக்குக் கவலையாக இருக்கிறது. பவளப்பாறைப் பகுதிகளில் வாழும் ஒருவகை நுண்பாசி உண்டாக்கும் நஞ்சு சிறு மீன்கள் வழியாகப் பெரிய மீன்களின் உடலில் சேர்கிறது. சிகுவாடெரா என்று அழைக்கப்படும் இந்த நஞ்சேற்றத்துக்கு மாற்று மருந்து இல்லை. சமைத்தாலும் உறையவைத்தாலும் நஞ்சு அழியாது. மீனின் மணத்திலோ சுவையிலோ வேறுபாடு தெரியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் நின்ற பிறகும் கைகால் மதமதப்பும், குளிர்ந்த பொருள் சுடுவதுபோன்ற உணர்வும் வாரக்கணக்கில் நீடிக்கலாம். தாங்கள் பட்டியலிட்ட பிரெஞ்சுப் பொலினீசியாவிலும் குக் தீவுகளிலும் இது நன்கு அறியப்பட்ட தொல்லை. எந்தக் கால்வாயில் பிடித்த எந்த மீனை உண்ணக்கூடாது என்பது அந்த ஊர் மீனவருக்குத் தெரியும். வந்திறங்கியவருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே மீனைக் காசு கொடுத்து அவர்களிடமே வாங்குங்கள். ஆழ்கடலில் பிடிக்கும் சூரை மீன் இந்த வகையில் பெரிதும் பாதுகாப்பானது. மாலத்தீவின் அன்றாட உணவே அதுதான்.

தண்ணீரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தாழ்வான பவளத்தீவின் நிலத்தடியில் மழைநீர், அதைவிட அடர்த்தியான கடல்நீரின்மேல் ஒரு மெல்லிய வில்லையாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். டுவாமோட்டுத் தீவுகளில் கூரை நீரைத் தொட்டியில் பிடித்துத்தான் பல வீடுகள் வாழ்கின்றன. ஒரு மாதம் தங்கப்போகிறவர் துணி துவைப்பதற்கும் குளிப்பதற்கும் எவ்வளவு நீர் கிடைக்கும் என்பதை வாடகைக்கு முன்பே கேட்க வேண்டும். அந்தத் தொட்டியில் எடுப்பது வீட்டுக்காரக் குடும்பத்தின் பங்கிலிருந்துதான்.

இதே காரணத்தால், தானே சமைப்பதைவிடக் குடும்ப இல்லங்களில் காலை, இரவு உணவோடு சேர்த்துத் தங்குவதே நேர்மையான சிக்கனம் என்பேன். அவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்துச் சமைக்கும்போது எரிவாயுவும் நீரும் வீணாவதில்லை. நாம் தரும் பணமும் தீவிலேயே தங்கும். ஊரின் நீரையும் குப்பைக்குழியையும் பயன்படுத்திக்கொண்டு, சாப்பாட்டுப் பணத்தை மட்டும் வெளியூர்க் கடையில் கொடுத்துவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

திசைகாட்டி:

மீன் பற்றியும் நீர் பற்றியும் முத்தரசி அவர்கள் எழுதியதை அப்படியே ஏற்கிறேன். உணவு பற்றிய முடிவை ஏற்க முடியவில்லை. உணவோடு சேர்த்த கட்டணம் மூன்று, நான்கு நாள் தங்குபவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. ஒரு மாதத்துக்கு அது பலமடங்காகப் பெருகி, எளிய வருமானம் உள்ளவரைத் தீவுக்கே வரவிடாமல் செய்துவிடும். மேலும், அந்த வீட்டு மேசையில் வரும் அரிசி, மாவு, கோழி, பால்பொடி பெரும்பாலும் சரக்குக் கப்பலில் வந்தவைதான்.

என் யோசனை வேறு. கப்பல் வரும் நாளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கப்பல் வருவதற்கு முந்தைய நாட்களில் கடைத்தட்டுகள் காலியாகி விலை ஏறும். வந்த மறுநாள் காய்கறியும் முட்டையும் இருக்கும். தொழிற்சாலையில் அடைத்து முத்திரையிட்ட பருப்பு, மசாலாப்பொடி, காப்பித்தூள் போன்ற எடை குறைந்தவற்றை மட்டும், அந்நாட்டு விதி அனுமதித்தால், சுங்கப் படிவத்தில் மறைக்காமல் எழுதிக் கொண்டுபோங்கள். தேங்காய், ஈரப்பலா, வாழை, பப்பாளி, சூரை ஆகியவற்றை ஊரில் வாங்குங்கள். காலி உறைகளைத் திரும்பும்போது எடுத்துவந்துவிட்டால் குப்பை பற்றிய குறையும் பெருமளவு நீங்கும்.

முத்தரசி:

உறைகளைத் திருப்பி எடுத்துவருவது நல்ல வழக்கம்தான். ஆனால் கடையில் பத்துப் பேருக்கு வந்த முட்டையைக் கப்பல் வந்த மறுநாளே ஒரு மாதத்துக்கு வாங்கி அடுக்குபவர், ஊராரின் பங்கை எடுக்கிறார் என்பதையும் எழுதியிருக்கலாம். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கினால் என் மறுப்பில் பாதி போய்விடும்.

நெய்தல்:

உணவில் மிச்சம் பிடிப்பதைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், ஆபத்துக்கு ஒதுக்கும் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. சிறு தீவில் இருப்பது பெரும்பாலும் ஒரு மருத்துவ நிலையம் மட்டுமே. எலும்பு முறிந்தால் விமானத்தில்தான் வெளியேற வேண்டும். அந்தச் செலவை ஏற்கும் காப்பீடு இல்லாமல் கிளம்புவதைச் சிக்கனம் என்று சொல்ல என்னால் முடியாது. ரொக்கமும் அப்படித்தான். பசிபிக் தீவு நாடான துவாலுவில் முதல் தானியங்கிப் பண இயந்திரங்கள் 2025 ஏப்ரலில்தான் வந்தன. இன்னும் பல தீவுகளில் அட்டை பயன்படாது. திரும்பும் பயணத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் இடையே குறைந்தது ஓர் இரவு இடைவெளி விடுங்கள். மாலத்தீவின் பொதுப் படகுகள் பெரும்பாலான வழிகளில் வெள்ளிக்கிழமை ஓடுவதில்லை. வியாழன் மாலைப் படகைத் தவறவிட்டால் சனிக்கிழமைதான்.

கடலோடி:

எல்லோருக்கும் நன்றி. முன்பதிவு செய்துவிடுகிறேன், மீன்பிடிக்கும் எண்ணத்தையும் கைவிடுகிறேன். புயல் பகுதியில் உள்ள ஐட்டுடாகியையும் டுவாமோட்டுவையும் மழைப்பருவத்துக்கான பட்டியலிலிருந்து நீக்கி, ஃபுவாமுலாவை மட்டும் வைத்துக்கொள்கிறேன். காலை உணவு வீட்டிலும், மற்றவை என் சமையலும் என்று இல்லத்தாரிடம் கேட்டு எழுதப்போகிறேன். தொட்டி நீர் பற்றிய கேள்வியும் அதே கடிதத்தில் இருக்கும்.

ஆனால் நெய்தல் அவர்களோடு ஒரு வேறுபாடு அப்படியே நிற்கிறது. மழைப்பருவத்தில் குறையும் வாடகையே காப்பீட்டுக்கும் இடைவெளி இரவுகளுக்கும் பணம் தருகிறது என்று நான் கருதுகிறேன். விலை கூடிய பருவத்தில் போனால் அந்த ஒதுக்கீட்டைத்தான் என்னைப் போன்றவர்கள் முதலில் வெட்டுவார்கள். இதற்குத் தங்கள் மறுப்பு என்னவென்று எண்களோடு எழுதினால், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் படித்துவிடுவேன்.