'மஸ்ட் நாட்' புரிந்தது, 'குட்' (could) புரியவில்லை: உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் கேன், குட், மஸ்ட் போன்ற மோடல் வினைச்சொற்களில் ('முடியும்', 'வேண்டும்' போன்ற பொருள் தரும் துணைவினைகள்) மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கொஞ்சம் கைகொடுங்கள்.

போன வாரம் உடன் வேலை பார்ப்பவருக்கு, 'நாளை நீங்கள் வரத் தேவையில்லை' என்று சொல்ல நினைத்து, 'யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அவர் பதறிப்போய், "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டார். 'மஸ்ட் நாட்' என்றால் வரவே கூடாது என்று தடை போடுவது, நான் எழுதியிருக்க வேண்டியது 'யூ டோன்ட் ஹேவ் டு கம்' என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. 'மஸ்ட்', 'ஹேவ் டு' இரண்டுக்கும் 'வேண்டும்' என்றே மனப்பாடம் செய்ததால் வந்த வினை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், ஆனாலும் மனசு ஆறவில்லை.

சரி, அது தெளிந்துவிட்டது. இப்போது குழப்பம் 'குட்'. சின்ன வயதிலேயே நீந்த முடிந்தது என்பதற்கு 'ஐ குட் ஸ்விம்' சரி. ஆனால் நேற்று ஒருவழியாகக் கதவைத் திறக்க முடிந்தது என்றால் 'ஐ வாஸ் ஏபிள் டு ஓபன் தி டோர்' என்றுதான் எழுத வேண்டுமாம். முடியவில்லை என்றால் மட்டும் இரண்டு இடத்திலும் 'குடன்ட்' போடலாம். தமிழில் எல்லாமே 'முடிந்தது'தானே!

எழுதும்போது இதைச் சட்டென்று எப்படிப் பிரித்துப் பார்க்கிறீர்கள்? விதியைவிட, நீங்கள் தினமும் பேசும் வாக்கியங்கள் இரண்டு மூன்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். 'ஷுட் ஹேவ்', 'குட் ஹேவ்' வித்தியாசமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.