ஒயின் அறையில் 1 டன் ஏசி 17 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை, காயிலில் ஐஸ் கட்டுகிறது: எந்தக் கூலிங் போடலாம்?

கேள்வி: மரப்பீப்பாய்

வீட்டு ஸ்டோர் ரூமை ஒயின் அறையா மாத்திட்டிருக்கேன். உள் அளவு 2.4 × 2 மீட்டர், உயரம் 2.5 மீட்டர். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ரெண்டு பக்கமும் பூச்சு. தரைத்தளம், மேல நேரா மொட்டைமாடி. கதவு 12 மி.மீ. டஃபன்டு கண்ணாடி, ஃபிரேம் கிடையாது, 0.9 × 2.1 மீட்டர். கதவுக்கு வெளிய நடைபாதை. அங்க 30 டிகிரி, ஈரப்பதம் 70% இருக்கும். உள்ளே 13 டிகிரி, 60% வேணும். 300 பாட்டில் வைக்கணும்.

இப்ப ஓடுறது சாதா 1 டன் ஸ்ப்ளிட் ஏசி. 16ல வெச்சாலும் 17ல நின்னுடுது. ராத்திரி முழுக்க ஓடினா காயில் வெள்ளையா ஐஸ் பிடிச்சுக் காத்தே வர்றதில்ல. ஈரப்பதம் 40%தான் காட்டுது. கண்ணாடி வெளிப்பக்கம் தண்ணியா வழியுது. நடைபாதைப் பக்கச் சுவர்ல பெயின்ட் உப்பி, கருப்புப் புள்ளி வந்திருக்கு.

1.5 டன்னா மாத்தவா, இல்ல ஒயின் அறைக்குன்னு விக்கிற மெஷின் வாங்கவா? அதுலயும் சுவர்ல பதிக்கிறது, ஸ்ப்ளிட், டக்ட் வெச்சதுன்னு மூணு வகை சொல்றாங்க.

பதில்: அலுமினியத்தகடு

1.5 டன் வேண்டாம். இருக்கிற ஏசியையே ஏமாத்தலாம். ரூம் சென்சார் மேல ஒரு குட்டி ஹீட்டர் ஒட்டிட்டா அறை இன்னும் சூடா இருக்குன்னு நினைச்சு கம்ப்ரசர் ஓடிட்டே இருக்கும். காயில்ல இன்னொரு சென்சார் வெச்சு, ஐஸ் பிடிக்க ஆரம்பிச்சா நிறுத்துற கன்ட்ரோலர் கிடைக்குது. காய்கறிக் குளிர் அறைக்கு இதைத்தான் போடுறாங்க.

பதில்: குளிர்பதம்

காய்கறிக்குச் சரி, ஒயினுக்கு உதவாது. காரணம் காயில் வெப்பநிலை.

அறையில் ஈரப்பதம் எதுவரை இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது காயில். 13 டிகிரி அறையில் காயில் 6 டிகிரியில் ஓடினால், அது ஈரத்தை 62% வரைதான் உறிஞ்ச முடியும். 3 டிகிரி என்றால் 51%. மைனஸ் 4 என்றால் 29%, கூடவே ஐஸ். சாதா ஏசியின் காயில் சிறியது; 27 டிகிரி அறைக்காக வடிவமைத்தது. அதை 13க்கு இழுத்தால் காயில் பூஜ்யத்துக்குக் கீழேதான் போகும். கார்க் காயும், பாட்டிலில் ஒயின் மட்டம் இறங்கும். நீங்கள் பார்க்கும் 40% இதே கணக்குதான்: 17 டிகிரி அறை, காயில் 3 டிகிரி பக்கம்.

ஒயின் அறை மெஷினில் காயில் பெரியது, ஃபேன் மெதுவானது. அறைக் காற்றுக்கும் காயிலுக்கும் இடையே 7 முதல் 10 டிகிரி வித்தியாசத்துக்குள் ஓடும்படி செய்திருப்பார்கள். காசு அதற்குத்தான்.

1.5 டன் இன்னும் மோசம். 1 டன் என்பதே 3,500 வாட். உங்கள் அறையைச் சரியாகக் கட்டினால் அதில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேவைப்படாது. ஆனால் மெஷின் பேச்சு கடைசியில்தான். முதல் நோய் சுவரும் கதவும்.

பதில்: செங்கோணம்

குளிர்பதம் சொன்ன "பத்தில் ஒரு பங்கு" எங்கிருந்து வருகிறது என்று போட்டுக் காட்டுகிறேன். பரப்பு × யு-மதிப்பு (ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு ச.மீ. வழியே கடக்கும் வெப்பம், வாட்டில்) × வெப்பநிலை வித்தியாசம். விடை வாட்டில் வரும். சுவருக்கு வித்தியாசம் 30 − 13 = 17. வெயில் காயும் மேல்தளத்துக்கு 30 வைத்துக்கொள்வோம், தரைக்கு 13.

இப்போது இருக்கும் நிலையில்:
சுவர் 20.1 ச.மீ. × 2.1 × 17 = 718
மேல்தளம் 4.8 × 3.3 × 30 = 475
கண்ணாடிக் கதவு 1.9 × 5.5 × 17 = 178
தரை 4.8 × 1 × 13 = 62
கதவு இடுக்கில் புகும் காற்று 77, உள் ஃபேன், விளக்கு 40
மொத்தம் 1,550 வாட்.

சுவருக்கு 100 மி.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை (வெப்பம் தடுக்கும் கெட்டி ஃபோம்) அல்லது 75 மி.மீ. பஃப் (பாலியூரித்தேன் ஃபோம்) போட்டால் யு 0.3. மேலே 150 மி.மீ. எக்ஸ்பிஎஸ், யு 0.2. தரையில் டைலுக்கு அடியில் 50 மி.மீ., யு 0.5. கதவுக்கு லோ-இ பூச்சும் (வெப்பக் கதிரைத் தடுக்கும் மெல்லிய படலம்) ஆர்கான் வாயுவும் உள்ள இரட்டைக் கண்ணாடி, யு 1.4. அப்போது சுவர் 103, மேல்தளம் 29, கதவு 45, தரை 31, காற்று 77, ஃபேன் 40. மொத்தம் 325 வாட்.

மெஷின் நாளுக்கு 16 மணி நேரம் ஓடி 8 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று 1.5ஆல் பெருக்கினால் 490 வாட், அதாவது மணிக்குச் சுமார் 1,700 பிடியூ (வெப்பத்தின் இன்னொரு அலகு). 550 முதல் 600 வாட் மெஷின் போதும். சுவரைத் தொடாமல் விட்டால் 2,300 வாட் மெஷின் வேண்டும், கரண்டும் அதற்கேற்ப.

அந்த 77 வாட்டைக் கவனியுங்கள். மணிக்கு 5 கன மீட்டர் காற்று புகுவதாகக் கணக்கு. 30 டிகிரி, 70% காற்றில் கன மீட்டருக்கு 21 கிராம் நீராவி இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய காற்றில் 7 கிராம் கூட இல்லை. மீதி 14 கிராம் காயிலில் தண்ணீராகிறது. காற்றைக் குளிர்விப்பதைவிட அந்த ஆவியைத் தண்ணீராக்கத்தான் அதிகச் சக்தி போகிறது. ஃபிரேம் இல்லாத கண்ணாடிக் கதவில் நாலு பக்கமும் இடுக்கு; புகும் காற்று இதைவிடக் கூடவே இருக்கும். அந்தக் கதவை வைத்துக்கொண்டு எந்த மெஷின் வாங்கினாலும் வீண். சுற்றிலும் ரப்பர் கேஸ்கெட், அடியில் தானே இறங்கி அடைக்கும் சீல் உள்ள ஃபிரேம் கதவு போடுங்கள்.

கண்ணாடி வழிவதும் கணக்குதான். வெளிக் காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரி. உள்ளே 13 என்றால் ஒற்றைக் கண்ணாடியின் வெளிமுகம் 18 டிகிரி பக்கம் நிற்கும். வழியாமல் என்ன செய்யும்? சாதா இரட்டைக் கண்ணாடி 23.8, விளிம்பெல்லாம் வேர்க்கும். லோ-இ போட்டால் 27, காய்ந்தே இருக்கும்.

மரப்பீப்பாய்

சுவர்ல தண்ணி வழியல, ஆனாலும் பூஞ்சை ஏன்? அப்புறம் நாலு பக்கமும் 10 செ.மீ. போனா 300 பாட்டில் அடங்குமா?

செங்கோணம்

வழிய வேண்டியதில்லை. உள்ளே 17 இருக்கும்போது உங்கள் சுவரின் வெளிமுகம் 26 டிகிரி சுமார். அந்த முகத்தை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 85%க்கு மேல். 80% நீடித்தாலே பூஞ்சைக்குப் போதும். 13க்கு இறக்கினால் 90ஐத் தாண்டும்.

ஒரு பாட்டில் முகப்புக்கு 10 × 10 செ.மீ.; 300க்கு 3 ச.மீ. நீளச் சுவர் ஒன்றே போதும்.

பலகை ஒட்டும் வரிசையில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கும். நீராவி வெளியிலிருந்து உள்ளே வருகிறது, ஆகவே தடுப்பு சூடான பக்கம் இருக்க வேண்டும். உப்பிய பெயின்டைச் சுரண்டிச் சுவரைக் காயவிட்டு, செங்கல் சுவரின் உள்முகத்தில் 0.15 மி.மீ. பாலித்தீன் ஷீட், மடிப்புக்கு 15 செ.மீ. மேல்விழுது, டேப். அதன் மேல் பலகை, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி இரண்டு அடுக்காக. பிறகு மரச்சட்டம், அதில் சிமென்ட் போர்டு. தட்டுகளின் ஸ்க்ரூ சட்டத்தோடு நிற்கணும். ஷீட்டைத் துளைக்கக் கூடாது. ஷீட்டைக் குளிர்ப் பக்கம் போட்டால் ஈரம் பலகைக்கும் ஷீட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும், வெளியே தெரியவும் தெரியாது. சுவிட்ச் பாக்ஸும் பைப் துளையும் ஃபோம் வைத்து அடைக்க வேண்டும். அவ்வளவு சின்ன ஓட்டை போதும் எல்லாவற்றையும் கெடுக்க.

கண்ணாடி நார் வேண்டாம். ஈரம் ஏறினால் அதோடு முடிந்தது.

மரப்பீப்பாய்

சரி, சுவரும் கதவும் பண்ணிடறேன். மெஷின்? நடைபாதைப் பக்கம் சுவர்ல பதிக்கிறது ஈஸின்னு சொல்றாங்க.

குளிர்பதம்

சுவரில் பதிப்பது மலிவு, காப்பர் பைப் வேலை கிடையாது, கேஸ் கசிவுக்கு வாய்ப்பு குறைவு. ஆனால் அது வெளியேற்றும் சூடு முழுக்க நடைபாதைக்குள் வரும்: அறையிலிருந்து எடுக்கும் 550 வாட்டோடு கம்ப்ரசர் தின்னும் 250 முதல் 300 வாட்டும் சேர்ந்து. நடைபாதையில் 800 வாட் ரூம் ஹீட்டர் வைத்தது மாதிரி. இந்த வகை மெஷின்கள் சூட்டை விடும் இடத்தைவிடச் சுமார் 17 டிகிரி குறைவாக வைக்கத்தான் செய்தவை. நடைபாதை 30 என்றால் 13 கிடைக்கும், விளிம்பில். அதன் சூட்டிலேயே நடைபாதை 35 ஆனால் உள்ளே 18தான். காற்றோட்டமுள்ள பெரிய ஹாலாக இருந்தால் பதிக்கச் சொல்வேன். மூடிய நடைபாதைக்குக் கூடாது. சத்தமும் இருக்கும்.

டக்ட் வகை (மெஷின் வேறிடத்தில், குளிர்காற்று குழாய் வழியே வரும்), மெஷினைக் கண்ணில் படாமல் ஒளிக்க விரும்புகிறவர்களுக்கு. உங்கள் அளவு அறைக்குத் தேவையற்ற செலவு.

உங்களுக்கு ஸ்ப்ளிட். அவுட்டோர் மொட்டைமாடியில் வைப்பதானால் நிழல் கட்டாயம். அது காயிலுக்கு மேலே வருவதால், திரும்பும் தடித்த பைப் மேலேறத் தொடங்கும் இடத்தில் ஒரு யு வளைவு வையுங்கள். இல்லையென்றால் ஆயில் கீழே தங்கி கம்ப்ரசர் காய்ந்துவிடும். பைப் பிணைத்ததும் நைட்ரஜன் அடைத்துக் கசிவு பார்த்து, பிறகு வாக்யூம் 500 மைக்ரானுக்கு (வெற்றிட அழுத்தத்தின் அளவு) கீழே இறக்கி, பம்பை நிறுத்தினாலும் முள் அங்கேயே நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேஸை விட்டுக் காற்றைத் தள்ளுகிறேன் என்று சொல்லும் ஆளை விட்டுவிடுங்கள்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அறை 13 டிகிரி, வெளிக்காற்று 40 டிகிரி இருக்கும்போது எத்தனை வாட்? அட்டையில் போட்ட எண் பெரும்பாலும் இதைவிட இலேசான நிலையில் அளந்தது.

அலுமினியத்தகடு

ஈரப்பதக் கணக்கை நான் யோசிக்கல, ஒத்துக்கறேன். ஆனா 300 பாட்டிலுக்கு இவ்வளவு கட்டுமானமா? 150 பாட்டில் பிடிக்கிற கம்ப்ரசர் ஒயின் அலமாரி ரெண்டு வாங்கினா முடிஞ்சது.

குளிர்பதம்

நியாயமான யோசனை. 300க்கு மேல் போகப்போவதில்லை என்றால் அலமாரிதான் சுலபம், ஒன்று கெட்டாலும் இன்னொன்று ஓடும். கம்ப்ரசர் வகையாக மட்டும் பாருங்கள். பெல்டியர் வகை (கம்ப்ரசர் இல்லாமல் மின்தகட்டால் குளிர்விப்பது) 30 டிகிரி அறையில் திணறும்.

மரப்பீப்பாய்

அறையாவே வேணும், எண்ணிக்கை கூடும். முடிச்சப்புறம் எல்லாம் சரியா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

செங்கோணம்

ஈரப்பதமானியை முதலில் சோதியுங்கள். ஒரு மூடியில் சமையல் உப்பு, அது கூழாகும் அளவு சில துளி தண்ணீர், கரையக் கூடாது. மானியோடு ஜிப் பையில் போட்டு 12 மணி நேரம். 75% காட்ட வேண்டும். 70 காட்டினால் 5 கூட்டிப் படியுங்கள்.

கதவு இடுக்கில் எவ்வளவு காற்று புகுகிறது என்பதை ட்ரெயின் பைப் (காயிலில் சேரும் தண்ணீர் வடியும் பைப்) சொல்லும். ட்ரெயின் பைப்பின் நுனியில் ஒரு பாட்டிலை வைத்து ஒரு நாள் பிடியுங்கள். மணிக்கு 5 கன மீட்டர் கணக்கில் நாளுக்கு 1.7 லிட்டர். அதற்குள் இருந்தால் நல்லது. 3, 4 லிட்டர் வந்தால் எங்கோ காற்று புகுகிறது. இரவில் உள்ளே விளக்கைப் போட்டு வெளியே நின்று கதவைச் சுற்றிப் பாருங்கள், வெளிச்சம் கசியும் இடம்தான் அது.

குளிர்பதம்

ட்ரெயின் பைப் மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு, ஒரு யு ட்ராப் (தண்ணீர் தங்கிக் காற்றை அடைக்கும் வளைவு). ட்ராப் காய்ந்தால் அதன் வழியே சூடான காற்று உள்ளே வரும். மெஷின் போட்ட அன்றே அதில் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

பாட்டில்களை ஒரே நாளில் அடுக்காதீர்கள். 750 மி.லி. பாட்டில் ஒன்றை ஒரு டிகிரி இறக்க 3.5 கிலோஜூல். 300 பாட்டிலை 28லிருந்து 13க்குக் கொண்டுவர 4.4 யூனிட் வெப்பத்தை எடுக்க வேண்டும். மெஷினில் மிச்சமிருப்பது 200 வாட் சொச்சம், ஆக 20 மணி நேரத்துக்கு மேல் நிற்காத ஓட்டம். நூறு நூறாக, ரெண்டு நாள் இடைவெளியில் வையுங்கள்.

தெர்மோஸ்டாட் சென்சாரைக் காற்றில் தொங்கவிடாமல் தண்ணீர் நிரப்பிய பாட்டிலில் இறக்கி, அறையின் நடு உயரத்தில், மெஷின் காற்று நேராகப் படாத தட்டில் வையுங்கள். காற்றில் தொங்கினால் கதவைத் திறக்கும் போதெல்லாம் கம்ப்ரசர் உதைத்துக்கொண்டு எழும். நிறுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவே 1.5 டிகிரி இடைவெளி, கரண்ட் வந்ததும் 3 நிமிடத் தாமதம் வையுங்கள்.