வெற்றிச் சான்றிதழும் கடைவீதி நடைபாதையும்

குழு: பெரிய வீடு
(குழு விளக்கம்: முழு வாக்கியமாக எழுதவும். குரல் பதிவு வேண்டாம். காலை வணக்கப் படங்களும் வேண்டாம். — பெரியப்பா)

22 பிப்ரவரி 2022, செவ்வாய்

மாமா, பிற்பகல் 1:52
நகர்மன்றத் தேர்தலின் வாக்கு எண்ணும் இடத்திலிருந்து இப்போதுதான் வெளியே வந்தேன். உள்ளே கைப்பேசிக்கு அனுமதி இல்லாததால் காலையிலிருந்து யாருக்கும் பதில் எழுத முடியவில்லை. எட்டு மணிக்குத் தபால் வாக்குகளில் தொடங்கினார்கள். பிறகு நம் வார்டின் இயந்திரங்களை ஒவ்வொன்றாக மேசைக்குக் கொண்டுவந்து, முத்திரை கலையாமல் இருப்பதை முகவர்களுக்குக் காட்டிவிட்டுப் பொத்தானை அழுத்த, திரையில் வந்த எண்களை நாங்களும் குறித்துக்கொண்டோம். நான் முகவராக உட்கார்ந்த சுயேச்சை தோற்றுவிட்டார். என் தாளில் போட்ட கூட்டலும் அவர்கள் தாளில் இருந்த கூட்டலும் ஒன்றாகவே இருந்தன; அதனால் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை.

பெரியப்பா, பிற்பகல் 2:05
மாப்பிள்ளை, வென்றவருக்குச் சான்றிதழ் கொடுத்தாகிவிட்டதா?

மாமா, பிற்பகல் 2:11
கொடுத்துவிட்டார்கள் மச்சான். தேர்தல் நடத்தும் அலுவலர் முடிவை அறிவித்துவிட்டு, ஒற்றைத் தாளில் கையெழுத்திட்டு நீட்டினார். அதை வாங்கும்போது, வென்ற அம்மாளின் கை நடுங்கியதை நான் பார்த்தேன். வெளியே வந்தால் மேகம் இறங்கித் தூறிக்கொண்டிருந்தது. படம் எடுக்க நின்றபோது, மை கலைந்துவிடக் கூடாதென்று ஒருவர் ஓடிவந்து சான்றிதழுக்குக் குடை பிடித்தார். அந்த அம்மாள் நனைந்துகொண்டேதான் நின்றார்.

அத்தை, பிற்பகல் 2:30
அவர் நம் கடையில்தான் ஊசியும் நூலும் வாங்குகிறவர். எனக்குக் கட்சி முக்கியமில்லை. கடைவீதி நடைபாதையைப் பற்றி அவரிடம் முதலில் கேட்கப் போகிறவள் நான்தான் என்பதை இப்போதே எழுதிவைக்கிறேன்.

அக்கா (கலிபோர்னியா), இரவு 8:41
இங்கே இப்போதுதான் விடிந்தது. எனக்கு ஒரு சந்தேகம் பெரியப்பா. காலையில் எண்ணத் தொடங்கி மதியமே சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள் என்றால், இடையில் யார் சரிபார்த்தார்கள்? 2020 நவம்பரில் எங்கள் நகர மன்றத்துக்குத் தேர்தல் நடந்தபோது, யார் முந்துகிறார் என்பது அன்றிரவே தெரிந்துவிட்டது. ஆனால் அதை யாரும் முடிவென்று சொல்லவில்லை. இந்த மாநிலத்தில் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) தேர்தல் அலுவலகத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் அவகாசம் உண்டு. தபாலில் தாமதமாக வந்தவற்றின் கையெழுத்தை ஒப்பிட்டு, ஒரு சதவீத வாக்குச்சாவடிகளின் சீட்டுகளைக் கையால் மறுபடி எண்ணிப் பார்த்த பிறகே அவர்கள் கணக்கை முடித்துச் சான்றளிப்பார்கள். அது நகர மன்றத்துக்கு வந்து, மன்றம் அதைத் தீர்மானமாக நிறைவேற்றி முடிவை அறிவிக்கும். டிசம்பரில் நடந்த அந்தக் கூட்டத்தை வீட்டிலிருந்தபடியே கணினியில் பார்த்தேன். தேர்தல் தீர்மானம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அடுத்த பொருள் ஊரின் பழைய கடைத்தெருவில் வண்டி நிறுத்தும் இடத்தைக் குறைத்து நடைபாதையை அகலமாக்குவது பற்றியது. அதற்கு நள்ளிரவு ஆகிவிட்டது.

பெரியப்பா, இரவு 9:20
நல்ல கேள்வி கேட்டாய். இரண்டு ஊர்களுக்கும் முக்கியமான வேறுபாடு என்னவென்றால், இங்கே நகர்மன்றம் தன் உறுப்பினரின் வெற்றிக்குத் தானே சான்று கொடுப்பதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 74ஆம் திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது முதல் நகராட்சித் தேர்தல் முழுவதும் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. தேர்தல் நடத்தும் அலுவலர் நம் அலுவலகத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாலும் அந்த நாட்களில் அவர் ஆணையத்தின் ஆளாகவே கையெழுத்திடுகிறார். சரிபார்ப்பு என்று நீ கேட்பது, உன் மாமா செய்ததுபோல மேசைக்கு எதிரே உட்கார்ந்து முகவர்கள் அந்தந்த நேரத்திலேயே செய்துவிடுவது. அதற்குப் பிறகும் குறை இருந்தால் தேர்தல் வழக்காகத்தான் கொண்டுபோக வேண்டும்; வேறு எந்த வழியிலும் நீதிமன்றம் தலையிட முடியாதபடி 243இசட்ஜி பிரிவு தடுக்கிறது. நம் மன்றம் கூடும்போது சான்றிதழ் பேச்சே எழாது. உறுப்பினர்கள் மார்ச் 2ஆம் தேதி உறுதிமொழி எடுப்பார்கள். 4ஆம் தேதி தங்களுக்குள் வாக்களித்துத் தலைவரையும் துணைத் தலைவரையும் தேர்ந்தெடுப்பார்கள்.

அக்கா (கலிபோர்னியா), இரவு 9:34
அப்படியானால் இந்த நடைபாதையைப் போட்ட மன்றம் எது?

பெரியப்பா, இரவு 9:50
எந்த மன்றமும் இல்லை, அதுதான் சங்கடம். 2011 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்போது நடக்கவிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அன்று முதல் இந்த மாதம்வரை ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்நாட்டின் நகராட்சிகள் அனைத்திலும் அரசு நியமித்த தனி அலுவலர்தான் மன்றம், அவர் கையெழுத்துதான் தீர்மானம். நடைபாதைக்கு என்ன கல் போடுவது என்று எதிர்க்கேள்வி கேட்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாத காலத்தில் போட்ட நடைபாதை அது.

23 பிப்ரவரி, புதன்

அத்தை, காலை 7:15
அண்ணா சொன்னதை இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நடைபாதையை இந்தக் குழுவிலேயே அதிகம் பார்க்கிறவள் நான், ஏனென்றால் காலை ஒன்பது மணியிலிருந்து இரவு எட்டுவரை அதற்கு நேரே உட்கார்ந்திருக்கிறேன். வீட்டு வரவேற்பறையில் போடுகிற வழவழப்பான ஓடுகளை மழைக்கும் மேகத்துக்கும் நடுவே இருக்கிற ஊரின் தெருவில் பதித்தார்கள். வெயில் நாளில் பளபளவென்று அழகாகத்தான் இருக்கும். மேகம் இறங்கினால் அவற்றின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் நீர் பூக்கும். ஆடி மாதம் வந்துவிட்டால் இடுக்குகளில் பச்சையாகப் பாசி பிடிக்கும். 2019 ஆடியில் எங்கள் அம்மா, அதாவது பிள்ளைகளின் பாட்டி, நம் கடைப் படியிலிருந்து இறங்கி இரண்டே அடி வைத்தார், வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அன்றிலிருந்து அம்மா நடைபாதையில் ஏறுவதில்லை, வண்டிகளுக்கு நடுவே தெருவிலேதான் நடக்கிறார்.

அம்மா, காலை 7:40
உண்மைதான் அண்ணி. மாலை ஆறு மணிக்கு மேல் அந்த நடைபாதையில் நிதானமாக நடக்கிற ஒரே ஜீவன் காட்டெருமைதான். அதற்கு நான்கு கால் இருக்கிறது.

நான், காலை 8:02
பெரியப்பா, புதிய உறுப்பினருக்குக் கொடுக்க ஒரு மனு தயாரிக்கலாம் என்று தோன்றுகிறது. கல்லூரியில் நாங்கள் படித்த இந்தியச் சாலைப் பேராயத்தின் 2012 வழிகாட்டி, நடைபாதையில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது. விளிம்புக் கல்லின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. நம் கடைவீதியில் சில இடங்களில் விளிம்பு முழங்காலை எட்டுகிறது, பாட்டி அதில் எப்படி ஏறுவார்? ஞாயிற்றுக்கிழமை அளநாடாவை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்திலிருந்து மேல்முனைவரை அளந்து வருகிறேன்.

பெரியப்பா, காலை 8:25
அளந்து வா. ஆனால் மனுவின் முதல் பத்தியில் வேறொன்றைக் கேட்க வேண்டும்: அந்தத் தெரு யாருடையது? பேருந்து நிலையத்தை ஒட்டிய கீழ்ப்பாதி நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருந்தால், அதைப் பற்றி மன்றம் எத்தனை தீர்மானம் போட்டாலும் அது கடிதமாகத்தான் போய்ச் சேரும். நான் எழுத்தராக இருந்த காலத்தில், நகராட்சி வாய்க்கால் கட்டி முடித்த அடுத்த மாதமே வேறொரு துறை வந்து அதன் குறுக்கே குழாய்க்குத் தோண்டியதைக் கோப்பில் நானே பதிந்திருக்கிறேன். மேலும் கல்லைப் பற்றி எழுதுவதற்கு முன் தண்ணீரைப் பற்றி எழுத வேண்டும். 2009 நவம்பர் 10 அன்று நம் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்ததை இந்தக் குழுவில் இருக்கிற பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட சரிவில் இருந்துகொண்டு, நடைபாதைக்கு அடியில் ஓடும் வாய்க்காலைத் திறந்து தூர்வாரப் போதிய மூடிகள் வைக்காமல் ஓடுகளைப் பதித்து மூடினால், தண்ணீர் தெருவில் ஓடாமல் எங்கே ஓடும்? தலைமுனையிலிருந்து அடிவரை எத்தனை இடத்தில் வாய்க்கால் மூடி திறக்கிறது என்பதையும் எண்ணிக்கொண்டு வா.

மாமா, காலை 9:10
வேலையை எப்போது செய்வது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மச்சான். ஏப்ரல், மே சீசனில் தெருவைத் தோண்டினால் ஆண்டு வியாபாரம் போய்விடும். ஜூனில் ஒரு மழை தொடங்கும், அக்டோபரில் இன்னொரு மழை தொடங்கும். கான்கிரீட் காய்வதற்கு இந்த மலையில் நிம்மதியாகக் கிடைப்பது தைக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட நாட்கள்தான். இந்த ஆண்டின் அந்த நாட்கள் தேர்தலிலேயே போய்விட்டன.

27 பிப்ரவரி, ஞாயிறு

நான், மாலை 5:48
அளந்துவிட்டேன். மேல்முனையில் 2.1 மீட்டர் இருக்கிறது. மருந்துக்கடை வாசலில் மின்மாற்றி நிற்பதால் ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். திறக்கக்கூடிய வாய்க்கால் மூடி தெரு முழுவதிலும் மூன்றே மூன்று. மின்மாற்றியை விட்டுவிட்டால் மிகக் குறுகலான இடம் எது என்பதைச் சொல்லத் தயங்குகிறேன். அத்தை மன்னிக்க வேண்டும், அது நம் கடை வாசல்தான். நடைபாதை அங்கே 1.9 மீட்டர். அதில் துணி பொம்மை நிற்கும் இடமும் மாமா உட்காரும் முக்காலியும் போக, நடப்பதற்கு 95 சென்டிமீட்டர் மிஞ்சுகிறது.

அத்தை, மாலை 6:05
பக்கத்தில் கேரட்டும் பீன்ஸும் விற்கும் அம்மாளின் கூடைகளை அளக்கவில்லையா?

நான், மாலை 6:09
அளந்தேன் அத்தை. அவர் நடைபாதைக்குக் கீழே, வாய்க்கால் மூடியின் மேல் உட்கார்ந்திருக்கிறார். நடைபாதையில் அவருடைய கூடை ஒன்றுகூட இல்லை.

அம்மா, மாலை 6:12
அந்த பொம்மைக்கு நான்தான் போன தீபாவளிக்குப் புடவை கட்டினேன்.

மாமா, மாலை 6:30
நடைபாதையைச் சீர்செய்கிறோம் என்று தொடங்கினால் முதலில் துரத்தப்படுகிறவர் அந்தக் கேரட் அம்மாள்தான் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். கடைக்காரர்களாகிய நாங்கள் சங்கம் வைத்திருக்கிறோம், ஆணையரைப் பார்த்துப் பேசுவோம். அவருக்கு யார் இருக்கிறார்கள்?

நான், மாலை 6:52
சட்டம் இருக்கிறது மாமா. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பை முடித்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வார்டு உறுப்பினருக்குக் கிடைத்ததுபோல அவருக்கும் ஒரு தேர்தலும் ஒரு சான்றிதழும் சட்டத்தில் எழுதியே இருக்கின்றன. போகும்போது அவரைக் கேட்டேன், தன்னிடம் அப்படி எந்தத் தாளும் இல்லை என்றார்.

பெரியப்பா, இரவு 7:30
அப்படியானால் இரண்டாம் பத்தி அதுவாகவே இருக்கட்டும்: நடைபாதை வேலைக்கான மதிப்பீடு தயாரிப்பதற்கு முன் வியாபாரிகள் கணக்கெடுப்பு முடிந்ததா என்று மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உறுப்பினரிடம் வாய்மொழியாகச் சொன்னால் ‘பார்க்கலாம்’ என்பார், அது அவர் குற்றமல்ல. மனுவாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மன்றக் கூட்டத்துக்குப் பொருளாக வைக்கச் சொல்ல வேண்டும். உன் அக்கா ஊரில் பொதுமக்கள் எழுந்து நின்று பேச நேரம் கொடுக்கிறார்கள்; நம் மன்றத்தில் உறுப்பினர் மட்டுமே பேசுவார் என்பதால், அவர் வாயில் வர வேண்டிய வாக்கியத்தை நாம்தான் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அக்கா (கலிபோர்னியா), இரவு 9:15
அந்த நள்ளிரவுக் கூட்டத்தில் நடைபாதையை அகலமாக்கக் கூடாதென்று அதிகம் வாதாடியவர்களும் கடைக்காரர்கள்தான், அத்தை. வண்டி நிறுத்த இடமில்லையென்றால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்றார்கள். இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை.

அத்தை, இரவு 9:22
குத்திக்காட்டத்தான் எழுதியிருக்கிறாய், பரவாயில்லை. கார் நிறுத்தி இறங்குகிறவர்கள் வர்க்கியும் சாக்லேட்டும் தேயிலைத் தூளும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஊசி நூல் வாங்குகிறவர்கள் எல்லோரும் நடந்து வருகிறவர்கள்.

4 மார்ச், வெள்ளி

மாமா, பிற்பகல் 3:40
தலைவர், துணைத் தலைவர் தேர்தல் இரண்டும் முடிந்துவிட்டன. நம் உறுப்பினர் நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். மனு தயாரா?

பெரியப்பா, பிற்பகல் 4:05
தயார், இரண்டு பக்கம். மூன்றாம் பத்தியில் அளவுகளைப் பட்டியலாகப் போட்டிருக்கிறேன். தங்கச்சி கடை வாசலின் 95 சென்டிமீட்டரை எழுதுவதா விடுவதா என்று மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தை, பிற்பகல் 4:31
விட வேண்டாம் அண்ணா. பொம்மையை உள்ளே எடுத்தாகிவிட்டது. முக்காலியைப் பற்றி உங்கள் மாப்பிள்ளையோடு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

பெரியப்பா, பிற்பகல் 4:40
அப்படியானால் அந்த இடத்தைக் கோடிட்டு வெற்றிடமாக விடுகிறேன். தம்பி, நாளை காலை அளநாடாவோடு போய் மறுபடியும் அளந்துவிட்டு எண்ணை எனக்கு அனுப்பு. பேனாவால் நிரப்பிக்கொள்கிறேன்.