மண்பானைத் தண்ணீர் குளிராமல் போவது ஏன்?

கேள்வி:
மதுரையில் இருந்தவரை எங்கள் மண்பானைத் தண்ணீர் சித்திரை வெயிலிலும் சில்லென்று இருந்தது. சென்ற ஆண்டு சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது அதே பானையைப் பத்திரமாகக் கொண்டுவந்தோம். இப்போது அதிலுள்ள தண்ணீருக்கும் குழாய்த் தண்ணீருக்கும் வேறுபாடே தெரியவில்லை. பானை பழையதானது காரணமா, ஊர் மாறியது காரணமா?

மறுமொழி 1:
பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் வெளியே ஆவியாகும்போது, கிராமுக்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்வதால்தான் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் ஆவியாதல் மந்தமாகும். ஆகவே ஊரையே முதலில் சந்தேகிப்பேன்.

மறுமொழி 2:
அவசரப்பட வேண்டாம். காற்றின் ஈரம் மட்டுமே காரணமென்றால், கசிந்த நீர் உலராமல் பானையின் வெளிப்புறம் நனைந்தே இருக்க வேண்டும், தொட்டுப் பார்த்தீர்களா? வெளிப்புறம் உலர்ந்திருந்து, தண்ணீரும் குளிரவில்லையென்றால், நீர் வெளியே வருவதே இல்லை என்று பொருள். கடின நீரிலுள்ள உப்புகள் துளைகளை அடைத்திருக்கலாம். (சிலர் அழகுக்காகப் பானைக்கு வண்ணம் பூசிவிட்டு இதே கேள்வியைக் கேட்பதுண்டு.)

கேட்டவர்:
தொட்டுப் பார்த்தேன்; காய்ந்துதான் இருக்கிறது. அடிப்பக்கத்தில் வெள்ளையாக உப்பும் பூத்திருக்கிறது. இங்கே ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் ஊற்றுகிறோம்.

மறுமொழி 2:
அப்படியானால் அடைப்பின் பக்கமே சாய்கிறேன். ஆனாலும் ஈரக்காற்றுக்குப் பங்கே இல்லை என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஒரு நாள் ஊறவைத்த புதுப்பானையை அருகில் வைத்து, அதே நீரை ஊற்றி, மறுநாள் காலையில் இரண்டையும் ஒப்பிடுங்கள். புதியதும் மதுரையில் குளிர்ந்த அளவுக்குக் குளிரவில்லையென்றால், அந்த மீதிக் குறை காற்றினுடையது.