மறைவிடை, மயங்குவிடை: ‘பிழைதரு திருப்பு மதிப்பு’ குறித்து ஒரு மாற்று

வணக்கம்.

நிரலின் செயற்கூறு (function) ஒன்று, பிழை தொடர்பாகத் தன்னை அழைத்த இடத்துக்குத் திருப்பும் மதிப்புக்கு முன்மொழியப்பட்ட ‘பிழைதரு திருப்பு மதிப்பு’ என்ற சொல்லை ஏற்கத் தயங்குகிறேன். அதன் நீளம் ஒரு பொருட்டல்ல. இயங்குதள நிரலைச் சீராய்வு செய்பவர் பிரித்துப் பார்க்க வேண்டிய இரண்டு பொருள்களை அது ஒன்றாக்கிவிடுகிறது. நினைவகம் கிடைக்காதபோது லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) செயற்கூறு ஒன்று −12 என்று திருப்பினால், அது பிழையை முறையாக அறிவிக்கிறது. அதில் குறையேதும் இல்லை. வேறு சில செயற்கூறுகளோ, அழைப்பவர் தவறாகப் பொருள்கொள்ளும் வகையிலேயே எண்ணைத் திருப்புகின்றன.

காப்பி_ஃப்ரம்_யூசர் அவற்றுள் ஒன்று. பயனர் நினைவகத்திலிருந்து 100 பைட்டுகள் கேட்டு 40 மட்டுமே வந்திருந்தால் அது 60 என்று திருப்பும். அதாவது, வராமல் நின்றவற்றின் எண்ணிக்கை. டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) எழுதுபவர் அந்த 60ஐ அப்படியே ‘ரைட்’ அழைப்பின் பலனாக மேலே அனுப்பிவிட்டால், 60 பைட்டுகள் எழுதப்பட்டுவிட்டதாகப் பயனரின் நிரல் நம்பிக்கொள்ளும். அந்த இடத்தில் போயிருக்க வேண்டியது −14, அதாவது ஈஃபால்ட் என்ற ‘தவறான முகவரி’ பிழைக் குறி.

ஆகவே ‘திருப்பு மதிப்பு’ என்பதை ‘விடை’ என்றே சுருக்கலாம் என்பது என் கருத்து. கேட்ட இடத்துக்குப் போய்ச் சேர்வது விடை. செயற்கூறு தன் வேலை முடிந்து விடைபெறுவதற்கும் அதே சொல் பொருந்துவது எதிர்பாராத ஆதாயம். நன்னூல் கூறும் எட்டு வகை விடைகளுள் மறை ஒன்று. இலங்கைக் கணிதப் பாடங்களில் மறை எண் என்றால் சுழியத்துக்குக் கீழான எண். கெர்னலில் பிழைக் குறிகள் சுழியத்துக்குக் கீழேயே திருப்பப்படுவதால், பிழையை அறிவிக்கும் மதிப்பை ‘மறைவிடை’ என்பது இரு வழியிலும் பொருந்தும். ‘ஒளிந்திருக்கும் விடை’ என்று சிலர் படிக்கக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் கீழே வரும் சுட்டியை (pointer, நினைவக முகவரியை ஏந்தும் மதிப்பு) பார்த்தால், அந்தப் பொருளும் முற்றிலும் தவறில்லை என்று தோன்றுகிறது.

அழைப்பவரைத் தடுமாற வைக்கும் விடையை ‘மயங்குவிடை’ எனலாம். சீராய்வில் பெரிதும் அகப்படாமல் நழுவுவது இதுவே. தோல்வியின்போது வெற்றுச் சுட்டியை (எதையும் சுட்டாத சுட்டி) திருப்பிவந்த செயற்கூறு ஒன்றை, ஒருவர் எர்_பிடிஆர் என்ற கெர்னல் செயற்கூறு வழியாகப் பிழைக் குறியையே சுட்டிக்குள் வைத்துத் திருப்பும்படி மாற்றுகிறார் என்று கொள்வோம். முகவரி வெளியின் உச்சியில் கடைசி 4095 முகவரிகள் இதற்கென விடப்பட்டிருப்பதால் முறை சரியானதே. தோல்விக்கான காரணமும் அழைப்பவருக்குத் தெரியவரும். ஆனால் பழைய அழைப்பிடங்கள் எல்லாம் ‘சுட்டி வெற்றா’ என்று மட்டுமே சோதித்துக்கொண்டிருக்கும். −12ஐ ஏந்திய சுட்டி வெற்றன்று. எனவே சோதனையைத் தாண்டிச் சென்று, அந்த முகவரியைத் தொட்டதும் கெர்னல் நிலைகுலையும். தொகுப்பி (compiler) எச்சரிக்காது, ஏனெனில் விடையின் தரவினம் மாறவில்லை. மாற்றிய வரிகளைக் காட்டும் பேட்சிலோ கழித்தல் குறியிட்ட ஒரு வரியும் கூட்டல் குறியிட்ட ஒரு வரியும் மட்டுமே தெரியும். கெடப்போகும் வரிகள் வேறு கோப்புகளில் இருக்கும்.

அத்தகைய பேட்சுக்கு நான் எழுதக்கூடிய குறிப்பு இது: “மறைவிடை சரி. ஆனால் அழைப்பிடங்கள் இன்னும் வெற்றுச் சுட்டியையே சோதிப்பதால் இது மயங்குவிடையாகிவிட்டது. அவற்றையும் இஸ்_எர் (சுட்டிக்குள் பிழைக் குறி உள்ளதா என்ற) சோதனைக்கு மாற்றி இதே பேட்சில் சேர்க்கவும்.” இதில் இரு சொற்களுக்கும் பதிலாகப் ‘பிழைதரு திருப்பு மதிப்பு’ என்று இட்டுப் படித்துப் பாருங்கள், குறிப்பு தன்னையே மறுக்கும்.

‘மயக்குவிடை’ என்று பிறவினையாக்கலாமே என்ற கேள்வி எழக்கூடும். மயங்குதலுக்குக் கலத்தல் என்ற பொருளும் உண்டு. வெற்றியும் தோல்வியும் இங்கே ஒரே மதிப்பில் கலந்து கிடப்பதால் தன்வினையே பொருத்தம் என்று கருதுகிறேன்.