60 குதிரைவலு வாங்குவதற்கு முன் இருக்கும் 40ஐக் கொஞ்சம் பாருங்கள்

"40 குதிரைவலு போதவில்லை, 60 போடலாமா?" திருகோணமலையில் படகு வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தாராளமாகப் போடலாம், பணமும் பெற்றோலும் உங்களுடையவை. ஆனால் இப்போது பூட்டியிருக்கும் இன்ஜின் தன் முழு வலுவையும் தருகிறதா என்று பார்த்தவர்கள் குறைவு.

என்னுடையது 17 அடி பைபர் படகு, 40 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் இன்ஜின். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஆள் ஏற்றுகிறேன். தூரம் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான். ஆட்கள் ஏறிவிட்டால் அணியத்தை (படகின் மூக்கை) வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, பின்பக்கத்தைத் தண்ணீரில் புதைத்தபடி உழுதுகொண்டு போகும். எழும்பி ஓடத் தொடங்குவதற்குள் தீவு வந்துவிடும்.

கடைக்காரர்கள் சொன்ன மருந்து பெரிய இன்ஜின். நான் முதலில் வாங்கியது ஆர்.பி.எம். மீற்றர், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் கருவி. இன்ஜின் கையேட்டில், முழு வேகத்தில் 4500 முதல் 5500 வரை சுற்ற வேண்டும் என்று இருந்தது. ஆட்களோடு முழுவதும் திருகினால் என்னுடையது 4300ஐத் தாண்டவில்லை. அப்படித் திணறவைத்து ஓட்டினால் வேகம் போவது ஒருபுறமிருக்க, பிஸ்டனும் சூடாகிக் கரி பிடிக்கும்.

செலவில்லாத வேலையிலிருந்து தொடங்கினேன். பெற்றோல் தாங்கியும் பற்றரியும் ஓட்டுபவரின் காலடியில், இன்ஜினை ஒட்டியே இருந்தன. இரண்டையும் நடுப்பகுதிக்கு நகர்த்தினேன். கனத்தவர்களை முன் இருக்கையில் அமரச் சொன்னேன் (இதை இதமாகச் சொல்லப் பழக வேண்டும்). அணியம் தூக்குவது அன்றே பாதி குறைந்தது.

அடுத்தது இன்ஜினின் உயரம். புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்குமே, அதைத்தான் பார்க்க வேண்டும். படகை மேட்டில் ஏற்றி, நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை அடிப்பாகத்தின் நடுக்கோட்டோடு ஒட்டிப் பின்பக்கம் நீட்டிப் பிடித்தோம். தகடு சட்டத்தின் மட்டத்தில், அல்லது அரை அங்குலம், ஓர் அங்குலம் மேலே இருக்க வேண்டும். என்னுடையதோ இரண்டு அங்குலம் கீழே கிடந்தது. அவ்வளவு இரும்பையும் தேவையில்லாமல் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறது. இன்ஜினைத் தூக்கி, அடியில் பலகை வைத்து, போல்ட்டுகளை மேல் துளைக்கு மாற்றினோம். பழைய துளைகளை எப்பொக்சியால் அடைக்காமல் விடாதீர்கள், உள்ளே இருக்கும் மரம் உக்கிப்போகும்.

கடைசியாகத்தான் புரொப்பெல்லர். முன்பிருந்தவர் வேகத்துக்காக 13 அங்குலப் பிட்ச் போட்டிருந்தார். பிட்ச் என்பது ஒரு சுற்றில் விசிறி முன்னேற வேண்டிய தூரம். ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று வரை கூடும் என்பது பொதுக்கணக்கு. 11க்கு இறங்கினேன். இப்போது ஆட்களோடு 4750, தனியாக 5200.

கணக்கையும் சரிபார்த்தேன். என் இன்ஜினின் கியர் விகிதம் 2:1, அதனால் இன்ஜின் 5200 சுற்றினால் புரொப்பெல்லர் 2600. ஒரு சுற்றுக்கு 11 அங்குலம் வீதம் மணிக்கு 43 கிலோமீற்றருக்குச் சற்று மேலே வர வேண்டும். கைப்பேசியின் ஜி.பி.எஸ். காட்டியது 37. மிச்சம் தண்ணீரில் வழுக்கிப்போவது, 15 சதவீதம். 10 முதல் 20 வரை வழக்கமானதுதான். 30க்கு மேல் வழுக்கினால் வேறெங்கோ கோளாறு இருக்கிறது.

ஸ்டெயின்லெஸ் புரொப்பெல்லர் போடச் சொன்னவர்களும் உண்டு. வேகம் கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனால் தீவைச் சுற்றி முருகைக்கல். அலுமினிய விசிறி அடிபட்டால் வளைந்துபோகும், மாற்றிவிடலாம். ஸ்டெயின்லெஸ் வளையாது, அடியைக் கியருக்குள் அனுப்பிவிடும்.

மறுமொழி, கிண்ணியாவிலிருந்து:
அண்ணன், அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தபோதே அடிப்பாகத்தையும் பார்த்திருக்கலாம். என் படகு வேகம் எடுத்ததும் மூக்கைக் கீழே குத்தும். இன்ஜின் சாய்வைப் பின்னால் எவ்வளவு கொண்டுபோனாலும் சரிவரவில்லை. சட்டத்தை நீளவாக்கில் பிடித்துப் பார்த்தால், பின்பக்கக் கடைசி மூன்றடியில் விரல் நுழையும் அளவு குழிவு. முன்னும் நடுவும் மட்டும் முட்டுக் கொடுத்து மாதக்கணக்கில் மேட்டில் வைத்திருந்ததால், இன்ஜின் பாரத்தில் பின்பக்கம் தொங்கிப் பைபர் வளைந்திருந்தது. நிரப்பித் தேய்த்த பிறகு சரியாகிவிட்டது. வாடைக்காலத்தில் படகை ஏற்றிவைப்பவர்கள் இன்ஜின் பூட்டியிருக்கும் பின்பலகைக்கு நேர்கீழே முட்டுக் கொடுங்கள்.

மறுமொழி, மூதூரிலிருந்து:
எனக்கு நேர்மாறு. மீற்றர் 5500ஐத் தாண்டி அலறுகிறது, படகு நகரவில்லை. பிட்ச் குறைவு என்று எல்லோரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். குற்றவாளி புரொப்பெல்லர் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ். அது விட்டுவிட்டால் தண்டு மட்டும் சுற்றும், விசிறி பின்தங்கும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உள் உலோகத்திலிருந்து ரப்பரைக் கடந்து வெளி உலோகம் வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டு, முழு வேகத்தில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு உடைந்து இரண்டு இடத்தில் நின்றால் புஷ் போய்விட்டது. ஒரு கேள்வி: இன்ஜினை இன்னும் உயர்த்தினால் இன்னும் வேகம் வருமா?

எழுதியவரின் பதில்:
வரும் தம்பி, ஓர் எல்லை வரை. அதற்கு மேல் போனால் திருப்பத்தில் விசிறி காற்றை இழுத்து வெறுமனே அலறும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அலையில் படகு துள்ளும்போதும் அதே கதை. இன்னொன்று, குளிர்நீர் உறிஞ்சும் துளையும் மேலே வந்துவிடும். ஆகவே அரை அங்குலம் அரை அங்குலமாக உயர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் முழு வேகத்தில் இன்ஜின் பின்னால் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பீய்ச்சல் மெலிந்தால் உடனே வேகத்தைக் குறைத்து, ஒரு துளை கீழே இறக்கிவிடுங்கள். ஓட்டிப் பார்ப்பதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், காற்று எழும்பிய பிறகு எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. நிறுத்து வயரை (ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்துவது) கையில் மாட்டாமல் மட்டும் திருக வேண்டாம்.